பூதலூருக்கு ஒரு சாவி, தஞ்சாவூருக்கு ஒரு சாவி

மேனேஜர் சார், ரெட்டைச் சாவியின் சைக்கிளை எடைக்குப் போட்டது நீங்கள்தான். உங்கள் புதுக் காருக்கு நிழல் வேண்டும், அதற்காகப் போட்டீர்கள். வாட்ச்மேன் மேல் பழி போடாதீர்கள்.

வாசகர்களுக்கு ரெட்டைச் சாவியைத் தெரியாது. இந்த டெல்டாவில் இப்படி ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. இன்னொருவர் பிறந்தால் நாடு தாங்காது. தஞ்சாவூரில் எங்கள் விதைநெல் கம்பெனியில் அவருக்கு முளைப்பு பார்க்கும் வேலை. ஈரத்துணியில் நூறு நெல்லைப் போட்டு எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார். வீடு பூதலூர். தினமும் ரயில். பூதலூர் ஸ்டேஷனில் ஒரு சைக்கிள், தஞ்சாவூர் ஸ்டேஷனில் ஒரு சைக்கிள். வண்டிக்கு ஒரு சாவி; அதனால்தான் ஆபீஸில் அந்தப் பட்டப்பெயர். கார் கிடையாது, பைக் கிடையாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார்.

மாதம் ஒருமுறையாவது தஞ்சாவூர் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். அன்றைக்குப் பூட்டிய பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஆபீஸ் வரை நடை. ஒருநாள் போலீஸ்காரர் மடக்கினார்.

"யாரு வண்டிய்யா இது?"

"என்னுதுதாங்க."

"சாவி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பூட்டில் நுழையவில்லை.

"இது வேற வண்டி சாவிங்க. அது பூதலூர்ல நிக்குது."

"ஓ, அங்கயும் ஒண்ணு தூக்கியிருக்கியா?"

நான் போய் மீட்டு வந்தேன். "ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல போடுங்க சார்!" என்று கத்தினேன்.

"தொலைஞ்சா ரெண்டும்ல போயிடும்?" என்றார். இவரோடு என்ன பேசுவது?

ஒரு மழைநாளில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் பக்கத்தில் மேனேஜர் காரை நிறுத்தி, "ஏறுங்க, நனையாதீங்க" என்றார்.

"நான் ஏறிட்டா இதை யாரு சார் கூட்டிட்டு வருவா?"

கார் கீழவாசல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் வந்து சேர்ந்தபோது ரெட்டைச் சாவி தலை துவட்டி, டீயும் குடித்து முடித்திருந்தார். "வாங்க சார். ரொம்ப நனைஞ்சிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆபீஸே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

போன மாதம் அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். மூன்று வாரம் லீவு. "ஸ்டாண்டுல விட்டா தூசி படியும்" என்று சைக்கிளை ஆபீஸ் ஷெட்டில் பூட்டினார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையானா காத்து மட்டும் பாத்துக்குங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஷெட்டில் கார் நின்றது. "மேனேஜர் சார்தாங்க பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டாரு" என்றார் வாட்ச்மேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

"தம்பி, காத்து இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு சார்" என்றேன். கையில் நான் சொந்தமாக வாங்கிய பம்பு இருந்தது.

திங்கட்கிழமை வருகிறார். மறக்கக் கூடாதென்று தஞ்சாவூர் சாவியை இப்போதே கழுத்தில் கட்டிக்கொண்டாராம். மேனேஜர் சார், ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவர் முகத்தைப் பார்த்து நீங்களே பதில் சொல்லுங்கள்: அந்தச் சாவி இனி எந்தப் பூட்டுக்கு?