காலி சர்வரைப் பட்டியலில் காட்டாதது பற்றி

தாம்பெரேயில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டு சர்வர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் மதிப்புக்குரிய சம்போ ஊலிதாலோ அவர்களுக்கு, அலயார்வியிலிருந்து லைமி பெராகங்காஸ் எழுதிக்கொள்வது. முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் வாசலில் பனி அள்ளிப்போட ஆள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று ஞாயிறு மூன்று மணிக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எவரும் நான் இல்லை என்று சொல்லக் கூடாது. கம்ப்யூட்டருக்கு முன்னால் நான். என் வலது பக்கம் பக்கத்து வீட்டு எல்வி, முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், 1981-இல் என்னிடம் வாங்கிப்போன வாஃபிள் சுடும் அச்சை இன்றுவரை திருப்பித் தராதவள். திரைக்குள், வாசாவிலிருந்து என் மூத்த மகன் மார்த்தி. ஔலுவிலிருந்து இளையவன் கெய்யோ. வந்திருக்க வேண்டியவர், வராதவர், ஞாயிறுதோறும் எங்கள் சர்வரில் ஓட்டும் ஜெர்மனிக்காரர் டெட்லெஃப். இடுப்பு எலும்பு மாற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

நான் ஆறு வகுப்புதான் படித்தேன், ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. எங்கள் சர்வர் நிலவறையில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சூடாகாது என்று என் வீட்டுக்காரர் உர்ஹோ அங்கே வைத்தார். ஆறு வருடம் முன்பு அவர் போனார். அடக்கம் முடிந்து எல்லோரும் கறுப்பு உடையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது மார்த்தி தம்பியை மேலும் கீழும் பார்த்து, "பழுப்பு கோட்டுதான் கெடச்சுதாடா உனக்கு, அப்பா சாவுக்கு?" என்றான். கெய்யோ கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஞாயிறு மூன்று மணியானால் இருவரும் எங்கள் சர்வருக்கு வந்து கார் ஓட்டுவார்கள், ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால், ஒரு மணி நேரம், ஒரு எழுத்து தட்ட மாட்டார்கள். நான் உருளைக்கிழங்கு எடுக்கிற சாக்கில் நிலவறைக்கு இறங்கி, அந்தச் சின்னத் திரையில் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐயா, எனக்கு மிச்சமிருக்கிற குடும்பம் அந்த ஒரு மணி நேரம்தான்.

நாலு ஞாயிறாக அந்தத் திரையில் பெயரே இல்லை. மார்த்திக்குப் போன் போட்டால், "நீதான சர்வர மூடிட்ட? பட்டியல்லயே காணோம். அவன் மூடச் சொன்னானா?" என்கிறான். கெய்யோவுக்குப் போட்டால் அதே பாட்டு, அவன் வாயில் அண்ணன் பெயர். நான் கீழே ஓடிப் பார்க்கிறேன், பச்சை விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, உருளைக்கிழங்குகூட முளைக்கவில்லை. எல்விதான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தாள். "லைமி, இந்தப் பட்டியல் காலி சர்வரக் காட்டாதுடி. யாராச்சும் ஒருத்தர் உள்ள இருந்தாத்தான் காட்டும். அந்த டெட்லெஃப் ரெண்டரைக்கே வந்து சுத்திக்கிட்டு இருப்பாருல்ல, அதான் இத்தன நாள் தெரிஞ்சுது."

காலியாக இருப்பதையும் காட்டு என்று அடியில் ஒரு கட்டம் இருக்கிறதாம், அதைத் தட்டினால் தெரியுமாம். இருவருக்கும் சொன்னேன். "நான் முதல்ல போயி அவனுக்காகக் காத்துக் கெடக்கணுமா?" என்றான் மார்த்தி. "கட்டத்தத் தட்டித் தேடி வந்தான்னு அவன் நெனைக்கவா?" என்றான் கெய்யோ. ஒருவனுக்கு ஐம்பத்து நாலு வயது, ஒருவனுக்கு ஐம்பத்தொன்று. தானாகவே கண்ணில் பட்டால் சும்மா நுழைந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், தேடினால் தேடினவன் ஆகிவிடுவான், புரிகிறதா உங்களுக்கு? பட்டியல் நீளுமே என்று நீங்கள் சொல்வீர்கள். நீளட்டுமே. ஆள் இல்லாத வீட்டை ஊரிலேயே இல்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

வேறு வழியில்லாமல் நேற்று நானே உள்ளே போனேன். உர்ஹோவின் நாற்காலி, மேஜையில் அவர் திருகி மாட்டிய ஸ்டியரிங், எல்விதான் பொத்தானை அழுத்தினாள். கார் கோட்டில் நின்றது. சரி, தெரிகிறது, இனி வருவார்கள் என்று எல்வி கொண்டுவந்த கிரீம் பன்னை ஒரு கடி கடித்தேன், கார் காணாமல் போய்விட்டது! மூன்று நிமிடம் நகராமல் நிற்பவர் வெளியேற்றப்படுவார் என்று உர்ஹோ சர்வரில் விதி எழுதி வைத்திருக்கிறார், எங்கே எழுதினார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி நுழைந்தேன். "நவருடி லைமி, நின்னா தூக்கிருவான்!" என்று எல்வி என் தோளை அடிக்கிறாள், நான் பால் வண்டி மாதிரி உருட்டுகிறேன், அப்போது மார்த்தி பெயர் வந்தது, அடுத்த மூச்சில் கெய்யோ பெயர் வந்தது.

திரையில் எழுத்து வந்தது. "யாரு அது? எங்க அப்பா பேர்ல வந்திருக்கிறது யாரு?" என்று கெய்யோ. அப்போதுதான் பார்த்தேன், அது அவருடைய கம்ப்யூட்டர், அதனால் என் காருக்கு மேலே உர்ஹோ என்று இருக்கிறது. பதில் எழுத ஒற்றை விரலால் "அம்" வரை தட்டினேன், அதற்குள் கார் பின்பக்கமாகப் பாய்ந்து மார்த்தியை இடித்து, சரளையில் குப்புறக் கவிழ்ந்தது. சக்கரம் மட்டும் மேலே சுற்றுகிறது. கவிழ்ந்து கிடப்பதும் நிற்பதாகத்தான் கணக்காம். என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது, எல்வி எதையோ அழுத்தினாள், திரை கறுத்துப்போனது. "செத்தவரு பேர்ல வந்து பிள்ளைங்கள பயமுறுத்திட்டோமேடி" என்று சொல்லிவிட்டு மிச்சப் பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிலவறைக்கு இறங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கள் மத்தியானம் ஆகிறது, எவனும் போன் செய்யவில்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் காலி சர்வர்களையும் காட்டும்படி பட்டியலை மாற்றுங்கள். மாற்றினால் உங்கள் பெயரை மறக்க மாட்டேன், மாற்றாவிட்டாலும் மறக்க மாட்டேன்.

உங்கள் குடும்பத்துக்கு நல்ல சுகமும், உங்கள் வண்டிக்கு வழுக்காத சாலையும் வாய்க்கட்டும்.

லைமி பெராகங்காஸ்

பி.கு.: தபாலில் போடுமுன் செவ்வாய் காலை கெய்யோ போன் செய்தான். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், பட்டியலில் கை வைக்காதீர்கள். நான் வெளியே விழுந்த பிறகு இருவரும் போகவில்லையாம். உர்ஹோ திரும்பி வருவாரா என்று அந்தச் சரளைக்குப் பக்கத்தில் காரை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக மார்த்தி தம்பிக்கு எழுதியிருக்கிறான்: "அப்பா இவ்ளோ மோசமா ஓட்ட மாட்டாரே." கெய்யோ, "அம்மாதான்" என்றானாம். பிறகு எனக்கு யார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என்று ஆறு மணிவரை சண்டையாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். வீட்டுக்கு.

ஆகவே உங்களை மன்னித்தேன். டெட்லெஃபின் இடுப்பை மன்னித்தேன். வாஃபிள் அச்சு வந்த அன்றைக்கு எல்வியையும் மன்னிப்பேன். ஆனால் மூன்று நிமிடம் என்பதற்குப் பதில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால் மார்த்தி தம்பிக்கு எழுதிய அந்த வரியை என் கண்ணாலேயே பார்த்திருப்பேன். பார்க்க விடாமல் என்னை என் சொந்த சர்வரிலிருந்தே வெளியே தள்ளிய ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்: உர்ஹோ பெராகங்காஸ்.