சேதாரம் இல்லாத் துப்பாக்கி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எழும்பிய பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் சிலிக்கன் சேதாரத்தை ஒழித்தது. நடுவில் நடந்த சில்லறைச் சாதனைகளை இடம் கருதி விட்டுவிடலாம்.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைத் தண்ணீர் புகாதபடி சிலிக்கன் பசையைப் பிதுக்கி அடைப்பது பேச்சிமுத்துவின் வேலை. சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். கையால் அமுக்கும் பழைய பசைத் துப்பாக்கியை, அதாவது 'கன்'னை வைத்துக்கொண்டு, சாரத்தில் தொங்கியபடியே நூல் பிடித்தாற்போல் கோடு இழுப்பான். ஆனால் அவனிடம் ஒரு "குற்றம்" இருந்தது. ஒவ்வொரு டியூபின் அடியிலும் கொஞ்சம் பசை மிஞ்சும். அதை அவன் எறிவதில்லை. கட்டடத்துக்குப் பின்னால் தொழிலாளர் ஷெட்டுகள் பதினான்கு. அவற்றின் தகரக் கூரையில் உள்ள ஆணி ஓட்டைகளை எண்ணியவர் எவருமில்லை. வருஷா வருஷம் ஜூன் மாத எடவப்பாதி மழை வருவதற்கு முன்னால், அந்த மிச்சத்தை வழித்துத்தான் பேச்சிமுத்து ஓட்டைகளை அடைப்பான். பதினான்கு குடும்பங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் நனையாமல் தூங்கிவந்தன. இந்த அநியாயம் பல வருஷம் நடந்தது.

கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது சதவீதம் சேதாரம் என்பதுதான். பொருள் சிக்கனப் பிரிவின் துணை மேலாளர், கரமனை ஹரிநாராயணன், இதற்காகப் பதினொரு கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு ஒரு தட்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வீதம் தீர்ந்தது. பன்னிரண்டாவது கூட்டத்தில் "அறிவார்ந்த" மோட்டார் கன் வந்து இறங்கியது. அதற்கு மாலை போட்டார்கள், சந்தனம் வைத்தார்கள், கல்யாணம் ஒன்றுதான் செய்துவைக்கவில்லை. அது இடுக்கின் அகலத்தைத் தானே அளந்து, வேண்டிய பசையை மட்டும் விடும். விசையை விட்டதும் மோட்டார் பின்பக்கம் அரைச்சுற்றுச் சுற்றி, நுனியில் தொங்கும் சொட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். டியூபைக் கடைசிவரை பிழிந்துவிட்டு, ஹரிநாராயணனின் போனுக்குச் சேதி அனுப்பும்.

ஒரே வாரத்தில் சேதாரம் அரைச் சதவீதத்துக்கு இறங்கியது. ஹரிநாராயணன் ஆனந்தத்தில் இரண்டு கிலோ ஏறினார்.

பேச்சிமுத்துவுக்குத்தான் கூரைக்கு வழிக்க மிச்சப் பசை இல்லாமல் போயிற்று. மழைக்கு ஒன்பது நாள் இருந்தது. மனைவி மாடம்மாளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். தொட்டிலை எந்த மூலையில் கட்டினாலும் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது.

"மழைக்கு முந்தி ஓட்டைய அடைக்கியளா, இல்ல பிள்ளைக்கி ஒரு குடை வாங்கியாறியளா?" என்று மாடம்மாள் நிதானமாகக் கேட்டாள்.

அவன் ஹரிநாராயணனிடம் போய் இரண்டே இரண்டு டியூப் கேட்டான். அவருக்குக் கொடுக்க மனம் இருந்தது. ஆனால் படிவத்தில் ஷெட்டுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் மனம் என்ன செய்யும்?

ஆகவே பேச்சிமுத்து வீணாக்க முடிவு செய்தான். வாழ்நாளெல்லாம் ஒழுங்காக வேலை செய்தவனுக்கு அது எளிதாகவா வரும்? கையை நடுக்கிப் பார்த்தான்; கன் நடுக்கத்தைச் சரிசெய்துகொண்டது. அடைத்த இடத்தையே மறுபடி அடைத்தான். கன் கீச்சென்று கண்டித்தது. வேண்டுமென்றே தும்மினான், தும்மல் முடியும்வரை அது மரியாதையாகக் காத்திருந்தது. கடைசியில் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். உள்ளங்கை ஜன்னல் அல்ல என்று கண்டுகொண்டு பூட்டிக்கொண்டுவிட்டது.

சேதி கிடைத்து ஹரிநாராயணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னாக்கும் பேச்சிமுத்து, ஆத்துல வல்ல விஷமமும் உண்டோ?" என்று, வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என எண்ணிப் பரிவோடு விசாரித்து, அவனை அரை நாள் யோகா வகுப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது மனம் ஒருமுகப்பட்டு, சேதாரம் இன்னும் குறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் "சேதாரமற்ற கட்டடம்" விருதுக்கு, வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகக் குழு வருவதாகத் தகவல் வந்தது. எவ்வளவு சேதாரம் ஒழிந்தது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டுமாம். ஒழிந்துபோனதை எப்படிக் காட்டுவது? ஹரிநாராயணன் அவசரக் கூட்டம் போட்டார். பழைய கன்னால் முன்போல வீணாக்கிக் காட்டுவதென்று முடிவாயிற்று. "செயல்விளக்கச் சேதாரம்" என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்து, நாற்பது டியூபைப் பத்து நிமிஷத்தில் அனுமதித்தார்கள். ஆனால் எங்கே வீணாக்குவது? பளிங்குத் தரையிலா, சாயம் அடித்த சுவரிலா?

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "ஷெட்டு கூரை மேல வச்சிக்கிடலாம் சார். அங்கன எம்புட்டு வீணாப் போனாலும் ஆரு கேக்கப் போறா?"

"இந்த புத்திய இத்தன நாள் எங்க ஒளிச்சு வெச்சிண்டிருந்தே?" என்றார் ஹரிநாராயணன். அவர் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குழுவினர் நாற்காலி போட்டு, இளநீரோடு உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்து பழைய கன்னோடு கூரையில் ஏறினான். அடடா, அப்படி ஒரு ஊதாரித்தனத்தைக் கழக்கூட்டம் கண்டதில்லை. ஒவ்வொரு ஆணியாகத் தேடித் தேடி வீணாக்கினான். கட்டைவிரலால் நீவி நீவி வீணாக்கினான். உள்ளேயிருந்து மாடம்மாள் ஓட்டைக்கு ஓட்டை ஈர்க்குச்சியை நீட்டி இடம் காட்டினாள். அது என்ன குச்சி என்று ஒருவர் கேட்டதற்கு, அந்தக் காலத்து அளவுகோல் என்று ஹரிநாராயணன் விளக்கினார். குழு அதையும் குறித்துக்கொண்டது. நாற்பது டியூபும் தீர்ந்தபின், நிலைமை முழுக்க விளங்கவேண்டுமானால் இன்னும் ஆறு வேண்டும் என்றான் பேச்சிமுத்து. கேட்ட மாத்திரத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. பதினான்கு ஷெட்டிலும் ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பேச்சிமுத்து தொட்டிலடியில் உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

கட்டடத்துக்கு விருது கிடைத்தது. சான்றிதழோடு வந்த அறிக்கையை ஹரிநாராயணன் எல்லோரையும் நிற்கவைத்துக் கம்பீரமாக வாசித்தார். இன்னும் குடிவராத பதினெட்டு மாடியில் பயன்பட்டவை: எண்ணூறு டியூப். அறவே வீணானவை: நாற்பத்தாறு டியூப். வீணான இடம்: தொழிலாளர் குடியிருப்பு.