சீதன வளவில் ஒரு லைன்

பஸ்ஸின் மூக்கு, வீட்டுக்குப் புறம்பாகச் சமையலுக்குக் கட்டியிருந்த குசினியின் சுவரில் முட்டி நின்றது. வால் இன்னும் வெளியே, பள்ளிவாசல் கேற்றை மறித்துக்கொண்டிருந்தது.

"றிம்சான், இண்டைக்கு வெள்ளிக்கிழமையா இருந்திருந்தா ஊரே என்னப் போட்டு மொத்தியிருக்கும்!" என்று பஸ்ஸுக்குள்ளேயிருந்து முர்ஷித் கத்தினான். பஸ் அவனுடையது.

றிம்சானுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மருதமுனையில் வாகனப் பரிசோதனை நிலையம்! பிரேக், லைட், புகை என்று வரிசையாக வாகனம் நகர்ந்து போகும் லைன். கட்டாரிலிருந்து வந்த நாளிலிருந்து இதே கனவுதான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதிகாரி வருவார். வளவுக்குள்ளால் பஸ் தடையில்லாமல் போனால் அனுமதி, இல்லாவிட்டால் கனவு அவ்வளவுதான். வீடும் காணியுமாக இந்த வளவோ மனைவி பஸ்மினாவின் சீதனம். அவள் ஓம் என்றதே பெரிய காரியம்.

குசினி யன்னலில் அவள் தலை தெரிந்தது. "மச்சான், கடற்கரைப் பக்கத்துக் கேற்றால எடுத்தா என்ன?"

"அதுதானே!"

பஸ் போக நிலத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை அழித்து வேறு கோடு போட்டான். பஸ் மணலில் புதைந்தது. கரைவலைக்காரர்கள் தோணி தள்ளுவதுபோல் தள்ளி எடுத்தார்கள், சிரித்துக்கொண்டே.

"அப்ப கிணத்தச் சுத்தி வளைச்சு எடுங்களன்," என்றாள் பஸ்மினா.

வளைத்தான். கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் பஸ் இறுகிவிட்டது. அதைப் பின்னெடுக்கக் கோழிக்கூட்டைப் பலிகொடுக்க வேண்டியதாயிற்று. நண்பகல் லுஹர் பாங்கும் சொல்லிவிட்டார்கள்.

"எல்லாம் போச்சி!" றிம்சான் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தினான்.

பஸ்மினா வெளியே வந்தாள். "முன் கேற்றால வந்து பின் ஒழுங்கையால போற நேர் லைன்தான் சரி, மச்சான். ஆனா நடுவுல இந்தக் குசினி கிடக்கே. ஒழுகினாலும் எங்கட வாப்பா கட்டித் தந்தது. புதுசு கேட்டா நீங்களும் முதல்ல தொழில், பிறகு குசினி எண்டுதானே சொல்லுவீங்க."

"தொழிலுக்குத்தானே புள்ள உடைக்கக் கேக்கன்! வல்லாஹி, முதல் வேலையாப் புதுக் குசினி கட்டித் தாறன்!"

"ம்... ஒங்கட விருப்பம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரைவலைக்காரர்களே அலவாங்கோடு வந்தார்கள். உள்ளே சட்டிபானை எதுவும் இல்லாதது இடிப்பதற்கு வசதியாகப் போயிற்று.

அஸருக்குப் பிறகு பஸ் முன் கேற்றால் நுழைந்து, குசினி இருந்த இடத்தைத் தாண்டி, ஒழுங்கையில் சொகுசாக ஏறியது.

"நல்ல லைன். பஸ்ஸுக்கும் சரி," என்றார் அதிகாரி.

"அல்ஹம்துலில்லாஹ்!" றிம்சான் முர்ஷிதைக் கட்டிப்பிடித்துத் துள்ளினான்.

அப்போது கேற்றில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. சாரதி தலையை நீட்டினான்.

"பஸ்மினா ராத்தா! போன மாசம் நீங்க சொல்லிவெச்ச புதுக் குசினிக் கல்லு வந்திரிக்கி. எங்க இறக்க?"