மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு குக்கர்

பாத்திரக் கம்பெனிப் பெண் சுஷ்மிதா கொண்டுவந்து விரித்த பேனரில் மணப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர்தான் இருந்தது. "இன்றே வாங்குங்கள், ஆயுள் முழுக்கச் சமையுங்கள்" என்று அதன் அடியில் எழுதியிருந்தது. வாங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு சாபமா என்று நீலா நினைத்துக்கொண்டாள்.

"இதை மாட்ட வேண்டாம் சுஷ்மிதா."

"பேனர் இல்லாத டெமோ ஃபோட்டோ செல்லாதுக்கா. ஆபீஸ்ல கேப்பாங்க."

"இப்ப கல்யாணப் பொண்ணு வந்துருவாளே."

"யாரு கல்யாணம்?"

இந்தக் கேள்வி வரும் என்று நீலாவுக்குத் தெரியும்.

குவைத்தின் ஃபர்வானியாவில் நீலாவின் ஃபிளாட்டில் அந்த வெள்ளிக்கிழமை நடக்கவிருந்தது ஒரே விருந்துதான். ஆனால் பாத்திரக் கம்பெனியைப் பொறுத்தவரை அது டெமோ. எதிர் ஃபிளாட் மரியத்தைப் பொறுத்தவரை அது அவள் மகள் அஃப்னாவின் பிரைடல் ஷவர். நீலா அந்தப் பக்கத்துக்கு இதைச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்துக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பொய்யில் சேராது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கோவையில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் அவள். கணவன் உமாபதிக்கு ஃபஹாஹீல் பக்கம் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள். இங்கே வந்து அவள் எழுதிய விண்ணப்பம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் பிடித்துக்கொண்டது இந்தப் பாத்திர விற்பனை. டெமோ பல நடத்தியும், பார்த்தவர்கள் பஜ்ஜியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். இந்த முறையும் ஆர்டர் இல்லை என்றால் விற்பனைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவதாகச் சுஷ்மிதா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அப்போதுதான் அஃப்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ஷவர் எங்க வீட்டுல வெச்சுக்கலாங்க்கா," என்று வாய் சொல்லிவிட்டது. பாசத்தில் சொன்னதா, ஆர்டருக்காகச் சொன்னதா என்று இன்றுவரை நீலாவுக்கே தெரியவில்லை.

பயம் என்னவோ ஒன்றுதான். மரியத்துக்கு இது தெரியக்கூடாது. குவைத்துக்கு வந்த புதிதில், பேச ஆளில்லாமல் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தவளின் கதவைத் தட்டி, கறிகஞ்சியை நீட்டி, "நீங்க கறி சாப்பிடுவீங்களா, இல்ல சும்மா கஞ்சி கொண்டாரட்டா?" என்று கேட்டவள் மரியம். அவள் மகள் கல்யாணத்தைக் கடைவிரிக்கப் பயன்படுத்தியது தெரிந்தால், அந்தக் கதவு அப்புறம் தட்டப்படாது.

விஷயத்தைக் கேட்ட சுஷ்மிதாவுக்கு முகம் மலர்ந்தது. "சூப்பர் ஐடியாக்கா. கல்யாணக் கூட்டம்னா ஆர்டர் அள்ளும்."

"விக்கிறோம்னு தெரியக்கூடாது."

"விக்காம எப்படிக்கா விக்கிறது?"

கடைசியில் பேனரைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி ஜன்னலில் மாட்டி, அதன்மேல் தங்கநிறக் காகிதத்தில் வெட்டிய "அஃப்னா"வை ஒட்டினார்கள். அதுவரை சரிதான். பிற்பகல் வெயில் ஜன்னலுக்கு வந்தபோது, துணியைத் துளைத்துக்கொண்டு பின்பக்கத்துக் குக்கர் மெல்ல எழுந்தது. அதே நேரம் மரியத்தின் ஊரான காயல்பட்டினத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள்.

முதலில் உள்ளே வந்தது மெஹர்பானு மாமி. மரியத்தின் பெரிய நாத்தனார். நெஞ்சில் இருப்பது நாக்குக்கு வர வழியில் எங்கும் நிற்காத மனுஷி.

"ஏன் புள்ள, பொண்ணுக்குப் பின்னால குக்கர் தெரியிதே?"

"அது எங்க பக்கம் ராசிங்க மாமி," என்றாள் நீலா. "கல்யாணத்துக்கு முன்னாடி அடுப்படிச் சாமான் நிழல் பொண்ணு மேல விழணும்."

இப்படி ஒரு வழக்கம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் எங்கும் கிடையாது. மாமி அதை நம்பி, அஃப்னாவைப் பிடித்து நிழலுக்கு நேராக உட்காரவைத்தாள்.

அஃப்னா ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண். அன்றைக்கு அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள். வந்திருந்தவர்கள்தான் ஒரு மாதிரி இருந்தார்கள். கல்யாணப் பெண்ணைக் கேலி செய்வதற்கென்றே கூடும் கூட்டம் அது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவரையொருவர் பார்ப்பதும், பார்வையைத் தாழ்த்துவதும், வடையைக் கடிப்பதுமாக இருந்தார்கள். மேஜையில் அலங்காரம் போல அடுக்கியிருந்த பளபள பாத்திரங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுவிட்டார்களோ?

சந்தேகத்தைக் கலைக்க ஷவரை ஷவராகவே நடத்துவது என்று நீலா முடிவு செய்தாள்.

"ஒரு கேம் ஆடலாங்க. நான் கேக்கறதுக்கு அஃப்னா பதில் சொல்லணும். மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்ன?"

மரியத்தின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. யாரோ இருமினார்கள்.

"எனக்குத் தெரியலையே ஆன்ட்டி," என்றாள் அஃப்னா சிரித்துக்கொண்டே. "கேக்கவே இல்ல."

"சரி, அவரு கடைசியா போன்ல என்ன சொன்னாரு? வெக்கப்படாம சொல்லணும்."

"அது வேணாமே ஆன்ட்டி."

"சாப்பாடு ஆறுது நீலா," என்று மரியம் எழுந்துவிட்டாள். "மொதல்ல சாப்பிடுவோம் வாங்கோ."

கேம் அத்தோடு முடிந்தது. அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நீலா தீர்மானித்தாள். தெரிந்தும் பெருந்தன்மையாக வடை தின்கிறார்கள். அவளுக்கு அந்த வடையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மரியம் பெரிய அலுமினிய தேக்சா நிறைய நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது, சுஷ்மிதா நீலாவை அடுப்படிக்கு இழுத்தாள்.

"டெமோ எப்பக்கா? நான் அடுத்து சால்மியா போகணும். கலாஸ், இதுக்கு மேல வெயிட் பண்ண முடியாது."

"நானே பேச்சுவாக்குல பாத்திரத்தைப் பத்திச் சொல்லிடறேன். நீ பேசாம இரு."

நீலா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். வகுப்பெடுத்த குரல் இன்னும் தேய்ந்துபோகவில்லை. "ஒரு பொண்ணு அம்மா வீட்டை விட்டுட்டு மாமியார் வீட்டுக்குப் போறா. அங்க எல்லாமே அவங்களோடது. அவளுக்குன்னு சொந்தமா இருக்கறது அவ கொண்டுபோற பாத்திரம் மட்டுந்தான். அதனால அது எப்படிப்பட்ட பாத்திரமா இருக்கணும்னா…"

"பொண்ணு எங்கே போறா?" என்றாள் மெஹர்பானு மாமி.

"மாமியார் வீட்டுக்குங்க."

"எங்க ஊர்ல பொண்ணு எங்கேயும் போவமாட்டா. மாப்பிள்ளதான் பொட்டியத் தூக்கிக்கிட்டு பொண்ணு வீட்டுக்கு வருவான். கடைசிவரைக்கும் அங்கேதான். அடுப்பு, சட்டி, பானை எல்லாம் உம்மாவோடது."

இத்தனை காலம் எதிர் ஃபிளாட்டில் இருந்தும், தன் தோழியின் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருப்பதை நீலா கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கஞ்சி குடிக்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வியாபாரம் யாரை விட்டது?

"அப்ப இன்னும் நல்லதுங்க மாமி," என்றாள் சமாளித்து. "வர்ற மாப்பிள்ளை சும்மா உக்காராம சமைக்கட்டுமே. இந்தப் பாத்திரத்துல ஆம்பளைங்க சமைச்சாக்கூட அடிப்பிடிக்காது."

"வந்தாத்தானே," என்றாள் மாமி.

மரியம் முழங்கையால் மாமியின் விலாவில் ஒன்று வைத்தாள். மாமிக்குப் புரையேறியது. தண்ணீர், தலையில் தட்டல், முதுகில் தடவல் என்று ஒரு பாடு ஆனது. மாமி இந்தக் காலத்து மாப்பிள்ளைகளைக் குத்திப் பேசுவதாக நீலா எடுத்துக்கொண்டாள்.

இந்த அமளியில் அவள் சுஷ்மிதாவைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பொறுமை இழந்து, மின்னடுப்பைக் கூடத்துக்கே கொண்டுவந்து, கழுவிக் கவிழ்த்திருந்த தேக்சாவை அதன்மேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

"ஹலோ லேடீஸ், யல்லா, எல்லாரும் இங்க பாருங்க. இது நம்ம வீடுகள்ல இருக்கிற சாதாரணப் பாத்திரம். இதுல கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் சோடா உப்பு. கொதிச்சதும் டேஸ்ட் பண்ணிப் பாருங்க. இத்தனை வருஷமா நீங்க உங்க புள்ளைங்களுக்கு என்ன குடுத்தீங்கன்னு தெரியும்."

அது மரியத்தின் தேக்சா. இத்தனை வருஷமும் அஃப்னாவுக்குச் சோறு ஆக்கிய தேக்சா. இதில் இன்னொரு அக்கிரமமும் இருந்தது. சோடா உப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் எந்தப் பாத்திரமானாலும் வாய் கூசத்தான் செய்யும். வேதியியல் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

"இது கேமுங்க," என்று நீலா குறுக்கே பாய்ந்தாள். "யாரு முகம் சுளிக்காம குடிக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு."

மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, பேனர் பக்கம் திரும்பித் துப்பினாள். குக்கர் நனைந்தது. அடுத்து டம்ளர் மரியத்திடம் போனது. மரியம் நீலாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மோர் குடிப்பதுபோல அதை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"ஆமா, ஒரு மாதிரியாத்தான் ஈக்கி," என்றாள். "எனக்கு ஒரு செட் எழுதிக்கோம்மா."

சுஷ்மிதா திகைத்துப்போனாள். அவள் அனுபவத்தில் இது இத்தனை சீக்கிரம் நடந்ததில்லை. அடுத்து அஃப்னாவின் சிநேகிதி ஒருத்தி கை தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. விலை கேட்கவில்லை, மூடியைத் திறந்து பார்க்கவில்லை, கேரண்டி எத்தனை வருஷம் என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை. கடைசியாக மாமி, வாயைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் அந்தச் சின்னக் கடாயி," என்றாள்.

சுஷ்மிதா நீலாவைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா, உங்க பேரு இனிமே லிஸ்ட்ல மேல போகும்." இருந்த உற்சாகத்தில் பேனரைக்கூட எடுக்காமல் சால்மியாவுக்குக் கிளம்பிப் போனாள்.

நீலா ஜெயித்துவிட்டாள். அந்த வெற்றி சோடாத் தண்ணீரைப்போலக் கரித்தது. கல்யாணப் பெண்ணை வாழ்த்த வந்தவர்களிடம் வாய் கூசவைத்து விற்றிருக்கிறாள். அவர்கள் எழுந்து அபாயாவை மாட்டிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. வேன் வந்துவிட்டதாகக் கட்டடக் காவலாளி ஹாரிஸ் கீழேயிருந்து போன் செய்தான். ஒவ்வொருவராக லிஃப்டுக்குப் போனார்கள். மரியமும் அஃப்னாவும் தட்டுகளை எடுத்துவைக்க நின்றார்கள். மாமி வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றாள் நீலா. "இது ஷவர் மட்டும் இல்லீங்க்கா. பாத்திரம் விக்கிற டெமோ. உங்ககிட்ட மறைச்சுட்டேன். அஃப்னா பேரை வெச்சு யாவாரம் பண்ணிட்டேன். ஆர்டரெல்லாம் கேன்சல் பண்ணச் சொல்லிடறேன். என்னை மன்னிச்சுடுங்க்கா."

மரியம் சிரித்துவிட்டாள். "அட இவளே. எங்களுக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அந்தக் கம்பெனிப் புள்ள 'நீலாக்கா வீட்டுல வெள்ளிக்கெழம டெமோ'ண்டு ஃபர்வானியா தோழிகள் குரூப்புல போட்டோவோட போட்டுட்டாளே. நீதான் குட்மார்னிங் தொல்லைண்டு குரூப்ப விட்டுப் போயிட்டே. எல்லாரும் தெரிஞ்சுதான் வந்தாஹ."

"அப்ப அந்தத் தண்ணிய ஏன் குடிச்சீங்க?"

"நீதான் முழிச்சுக்கிட்டு நிண்டியே. எனக்கு என்ன செய்யத் தெரியும்?"

நீலா அழுதாள். சிரிக்கவும் செய்தாள். அஃப்னா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். இப்போது எல்லாம் விளங்கியது. எல்லோரும் வாயடைத்துக் கிடந்தது, கரண்டி விழுந்தது, மாமிக்குப் புரையேறியது, எல்லாமே இந்த ரகசியத்தைக் காப்பாற்றத்தான். எவ்வளவு நல்ல மனுஷிகள் என்று நினைத்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

"டெமோ நடத்துனதுக்குக் கம்பெனி எனக்கு ஒரு செட் தரும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது அஃப்னாவுக்கு. உம்மா அடுப்படியா இருந்தா என்ன, அதுல அவ பேரு போட்டு ஒண்ணு இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு லீவு சொல்லிட்டாருங்க்கா. நாங்க ரெண்டு பேரும் காயல்பட்டினத்துக்கே வந்து நிக்காஹ் அன்னைக்குக் குடுக்கறோம்."

அஃப்னா உம்மாவைப் பார்த்தாள். மரியம் அவசரமாகத் தட்டுகளை அடுக்கினாள்.

கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள் மெஹர்பானு மாமி.

"எந்த நிக்காஹ்? அந்த மாப்பிள்ள வேணாம்ண்டு இவளே போன வாரம் முடிச்சு உட்டுட்டாளே புள்ள; கல்யாணம் நிண்டா நிக்கட்டும், நீலா ஆன்ட்டி யாவாரம் நிக்கக்கூடாதுண்டு எங்க எல்லாத்தையும் போன் போட்டுக் கூப்புட்டதே அவதான்."