மூன்று இயங்குதளங்களும் ஓர் இருட்டுக் கேமராவும்

1. பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன்.
2. நான் அதைத் திறப்பதற்குள் அம்மா திருப்போரூர் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை செய்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தாள்.
3. விண்டோஸை அழித்து உபுண்டு என்ற லினக்ஸ் போட்டேன். கேமராவில் இருட்டு.
4. இன்னொரு லினக்ஸான ஃபெடோரா போட்டேன். இருட்டு.
5. ஃப்ரீபிஎஸ்டி போட்டேன். இருட்டு. கூடவே வைஃபையும் போயிற்று.
6. மறுநாள் காலை வீடியோவில் வேலைக்கான நேர்காணல்.

நான் கணினி அறிவியல் படித்தவள். எதையும் அட்டவணை போடாமல் தேர்ந்தெடுக்க மாட்டேன் (போட்டாலும் தப்பாகத்தான் தேர்ந்தெடுப்பேன், அது வேறு விஷயம்). மென்பொருள் எழுத எந்த இயங்குதளம் சிறந்தது என்று வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன். முகம் தெரிகிறதா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

வேலை சிறுசேரியில். கிடைத்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். கிடைக்காவிட்டால் பெங்களூரு விடுதியும் அதன் சாம்பாரும்.

"இன்னாக்கா, சட்ட மாத்துற மாதிரி சிஸ்டம் மாத்திகினு கீற?" என்றான் தம்பி. வைஃபைக்காக மறுபடி ஃபெடோராவுக்கே திரும்பினேன்.

நேர்காணல் தொடங்கியது.

"கேமரா ஆன் பண்ணுங்கம்மா," என்றார் மேலாளர்.

"ஆன்லதான் சார் இருக்கு. லினக்ஸ்ல இதுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்ல." கேட்காமலே திரையைப் பகிர்ந்து, கணினி தானே எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்து விளக்க ஆரம்பித்தேன்.

"கேமரா கிடைச்சிடுச்சு, நல்லா வேலை செய்யுதுன்னுதானே அதுல போட்டிருக்கு?"

"அது பொய் சொல்லுது சார்."

காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "கேமரான்றது எங்கடி கீது?"

எரிச்சலோடு திரைக்கு மேலே, சட்டத்தின் நடுவில் விரலை வைத்தேன். விரல் காய்ந்த சந்தனத்தில் பட்டது. வாரம் முழுக்க அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டேதான் டிரைவர் தேடியிருக்கிறேன்.

"அங்கயா கீது? நெத்தி நடுவுலதானேடி பொட்டு வெப்பாங்க?" அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்தாள். மேலாளர் பார்த்த முதல் முகம் அவளுடையது. "வணக்கம் சார். நாஸ்தா ஆச்சா?"

அவர் சிரித்து முடிக்க வெகுநேரமானது.

இன்று எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் தம்பி முதலில் கேட்பது, "பொட்ட தொடைச்சியா?"

வேலை கிடைத்தது, நிரல் எழுதும் பிரிவில் அல்ல, பிழை கண்டுபிடிக்கும் பிரிவில். ஃபெடோராவை மாற்றவில்லை. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.