காற்று தின்ற கிழக்கு

தூரத்திலிருந்து வருகிற பேச்சுக்கு எப்போதும் மரியாதை கூடுதல். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்ப மாட்டோம். அதையே கடலுக்கு அப்பாலிருந்து ஒருவன் சொன்னால் எழுந்து நின்று கேட்போம். நான் நின்றேதான் கேட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் அக்கா வீட்டில் தங்கி, அத்தானின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். (பள்ளிப் படிப்போடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறந்தது கிடையாது.) அத்தான் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். முந்தைய தேர்தலில் தோற்றவர். இந்த முறையும் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அக்காவிடம் சொல்லிக் கண்கலங்கினார்.

கடையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. சாயங்காலம் குமிழை மெதுவாகத் திருகினால், ஏதோ ஒரு தேசத்து நிலையத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் தமிழில் செய்தி வாசிப்பான். நம் பாஷையை அவன் நமக்கே படித்துக் காட்டுவது எனக்குப் பெரிய அதிசயம். அவன் "வணக்கம்" என்றால் நானும் கைகூப்பிவிடுவேன். (யாரும் பார்க்காதபோது.)

தேர்தல் நெருங்கிய ஒரு சாயங்காலம் குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரைக்கும் அடித்தது. கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பி காற்றில் ஆட ஆட, குரல் வந்து வந்து போனது. நடுவே ஒரு வாக்கியம்: "தென்... காசியாவில் பதற்றம் நிலவுகிறது. வல்லரசுகள் உன்னிப்பாகக் கவனித்து வருகின்றன."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேர்தல் நேரத்துப் பதற்றம் எங்கள் பக்கம் இருந்ததும் நிஜம்தானே! 'காசியாவில்' என்று இழுத்தது வெள்ளைக்காரத் தமிழ் என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.

"அத்தான்! நம்ம எலெக்சனை வல்லரசெல்லாம் கவனிக்குதாம்!"

"என்னலே சொல்லுதே?"

"ரேடியோவுல சொல்லுதான் அத்தான். தென்காசியில பதட்டமாம்."

அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தென்காசின்னா மேலகரமும் அதுல அடக்கந்தானலே?" என்றார் மெல்ல.

மறுநாள் பொதுக்கூட்டத்தில், "என் போட்டியை உலகமே பாக்குது!" என்று முழங்கினார். சாட்சி சொல்ல என்னையும் மேடைக்கு இழுத்துவிட்டார். நான் சொன்னதைக் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. அப்படியொரு நிசப்தத்தை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

எதிர்த்து நின்ற அரிசிக்கடை அண்ணாச்சியின் ஆட்கள்தான் முதலில் சுதாரித்தார்கள். "அந்நிய நாட்டுக் கையாளுலே இவன்! வல்லரசு வந்து இவன் சைக்கிளுக்குக் காத்தடிக்குமோ?"

அண்ணாச்சி கையமர்த்தினார். "சண்டை எதுக்குவே? அந்த ரேடியோவை நாளைக்கு இங்கன கொண்டாங்க. எல்லாரும் கேப்போம்."

மறுநாள் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மேடையில் ரேடியோ, அதன் முன்னால் மைக், கீழே ஊரே நின்றது. அதே குரல் "வணக்கம்" என்றது. கூட்டத்தில் பாதிப்பேர் கைகூப்பினார்கள்.

"தென்கிழக்காசியாவில் பதற்றம் நீடிக்கிறது..."

காற்று தின்றிருந்த 'கிழக்' முழுசாக வந்து விழுந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைப் பார்த்தேன்.

"தென்காசிக்குக் கிழக்கன்னா பாவூர்சத்திரம்லா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அங்கன என்னலே பதட்டம்?"

சிரிப்பில் மேடையே ஆடியது.

ஆனால் சிரிப்பு அடங்கியும் ஒருவரும் கலையவில்லை. எங்கோ ஒரு காட்டில் குண்டு விழுந்ததையும், சனங்கள் ஊரைவிட்டு ஓடுவதையும் அவன் வாசிக்க, இரண்டு கட்சிக்காரர்களும் தோளோடு தோள் உரச நின்று கேட்டார்கள். "இவன் சொல்லுதது நெசம்னு எப்படிவே தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவு பெரிய உலகம் அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

அத்தான் தோற்றார். தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பேப்பரில் படித்ததைச் சொன்னாலும் சரி, பெண்ணுக்கு வரன் வந்திருப்பதாகச் சொன்னாலும் சரி, அக்கா அடுக்களையிலிருந்தே கேட்பாள்:

"ஏலே, நடுவுல கிழக்கு எதும் விட்டுப்போச்சா?"