பதினெட்டு சதவீத வாய்ப்பு

"பதினெட்டுதானா? இன்னொரு தரம் தட்டிப் பாரும்மா."

கண்ணாடிக் கடைக்காரர் கம்ப்யூட்டருக்குள் மூக்கை நுழைத்துவிடுவார் போலிருந்தது. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து நாலு மாதமாகிறது. விவரம் கொடுத்தால், இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் இணையதளம் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கடையில் வியாபாரம் படுத்துவிட்டது.

"எத்தனை தரம் தட்டினாலும் அதேதாண்ணே வரும்," என்றாள் லென்ஸ் வெட்டும் பெண். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்பவள். மகள் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"விளையாட்டு என்னன்னு கேக்குதே, நீச்சல்னு போடு."

"பாப்பாவுக்கு நீச்சல் தெரியாதே!"

"சேர்றதுக்குள்ள கத்துக்க மாட்டாளா?"

நீச்சலைப் போட்டதும் வாய்ப்பு பன்னிரண்டாக இறங்கியது.

இது சரிப்படாது என்று, பல்கலைக்கழகத்துக்கே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார்.

"வேணாம்ண்ணே."

"நீ அடி. 'தாயில்லாமல் வளர்ந்தவள், பொறுப்பானவள். என் மாத்திரை, என் சாவி, என் சட்டைப் பொத்தான் எல்லாம் அவள் கவனிப்பில்தான்.' எப்படி?"

பெற்றோரின் பரிந்துரையை ஏற்பதில்லை என்று ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. பதறிப்போய், அவரே தட்டுத் தடுமாறி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, கடிதத்துக்குப் பதிலாக ஒரு வாடிக்கையாளரின் கண் பரிசோதனைச் சீட்டு போயிருக்கிறது. அதை விளக்கி மூன்றாவதாக ஒன்று.

இணையதளத்தில் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: 'பெற்றோர் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டார்களா?' மனசாட்சி உறுத்த, ஆமாம் என்று போட்டார்.

நாலு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "உன் வாய்ப்பை நானே கெடுத்துட்டேன் பாப்பா."

அவள் கோபப்படவில்லை. "விடுங்கப்பா. இங்க படிக்க இடமா இல்ல?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். முகத்தைக் காட்டவேயில்லை.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அதைவிட இன்னொன்று அரித்தது. பதினெட்டு பன்னிரண்டாக இறங்கியபோது, பதற்றத்துக்கு நடுவே ஒரு நொடி மனசு லேசானது நிஜம். நாலு என்றபோதும்தான். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் மனசு தெரிய இத்தனை நாளாகியிருக்கிறது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டர் பக்கமே அவர் போகவில்லை.

"இனிமே சதவீதமெல்லாம் பாக்கப் போறதில்லம்மா. அவ போயிடுவாளோன்னு எனக்குத்தான் பயம். இடம் மட்டும் கிடைக்கட்டும், நானே பெட்டி கட்டி அனுப்புவேன். நான் சோறு வடிக்கக் கத்துக்கிட்டா ஆச்சு. என்ன, ரெண்டு நாள் குழையும்."

லென்ஸ் வெட்டும் பெண் இயந்திரத்தை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடம் கிடைச்சு மூணு வாரமாச்சுண்ணே, 'அப்பா தனியா சமாளிப்பாரான்னு பாத்துச் சொல்லுங்க அத்தை, அப்புறம்தான் பதில் போடுவேன்'னு பாப்பா சொல்லியிருக்கா, நானும் தினம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!"